தும்மல்காரியை விட்டுக்கொடுங்கள், சம்பந்தி

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு, தங்கள் வீட்டுக்குப் பெண்ணைக் கொடுத்தவன் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும், ஒருவரோடொருவர் அதிகம் பேசிக்கொள்ளாத காரணத்தால், சுகமாகவே இருக்கிறோம். அங்கே தாங்களும், சம்பந்தியம்மாவும், மாப்பிள்ளையும், என் மகளும், தங்கள் பழைய இரும்புக் கிடங்கும், கிடங்கு வாசலில் உள்ள எடைமேடையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். எடைமேடையைச் சேர்த்து எழுதியதில் குத்தல் எதுவும் இல்லை. சென்ற முறை தங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அதைப் பற்றி என் வாயிலிருந்து வரக்கூடாத ஒரு சொல் வந்துவிட்டது அல்லவா, அதற்கு ஈடாகத்தான் அதையும் நலம் விசாரித்தேன்.

நேரில் வந்தே பேசியிருக்கலாம். ஆனால் சாப்பாட்டிலிருந்து பாதியில் எழுந்து போனவன் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அதே வாசலில் வந்து நிற்பது? போனில் பேசலாம் என்றால் என் மகள்தான் எடுக்கிறாள். எடுத்து, என் குரலைக் கேட்டதும், பெற்ற தகப்பனைப் பார்த்து "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். ஆகவே கடிதம். விஷயம் ஒன்றே ஒன்றுதான். எங்கள் வீட்டுக்கு எதிரே பூங்காவில் இருக்கும் பழைய நீராவி இன்ஜினை நகராட்சி ஏலத்தில் தாங்கள் எடுத்திருக்கிறீர்கள். அதைத் தாங்கள் விட்டுக்கொடுக்க வேண்டும். எனக்கு வேண்டாம் என்று சொல்லி ஒதுங்கிவிட வேண்டும். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன். இனி ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன்; அது கொஞ்சம் நீளும். வாசலில் லாரி ஏதாவது எடை போடக் காத்திருந்தால் அதை அனுப்பிவிட்டு வந்து படியுங்கள்.

நான் அதை ஓட்டிய ரயில்வே யார்டில் அந்த இன்ஜினுக்கு நாங்கள் வைத்த பெயர் தும்மல்காரி. கிளம்பும்போது புகைபோக்கி வழியாக அடுத்தடுத்துத் தும்மிவிட்டுத்தான் நகரும். பூங்காவுக்கு வருகிறவர்கள் அதன் அருகே நின்று, "அடேயப்பா, இது எந்தெந்த ஊருக்கெல்லாம் போயிருக்குமோ!" என்று அண்ணாந்து பார்ப்பார்கள். அது எந்த ஊருக்கும் போனதில்லை, சம்பந்தி. அது ஷன்டிங் இன்ஜின். யார்டுக்குள்ளேயே முன்னால் போகும், பின்னால் வரும், பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போய்க் கோத்து வைக்கும். கோத்து முடித்ததும் பெரிய இன்ஜின் ஒன்று வந்து, தானே எல்லாம் செய்தது போல மாட்டிக்கொண்டு கிளம்பும். வழியனுப்ப வருகிறவர்கள் கையசைப்பதும் அதற்குத்தான். நானும் தும்மல்காரியும் ஓரமாக நின்று பார்த்துவிட்டு அடுத்த பெட்டியைத் தள்ளப் போவோம். என் வாழ்க்கை முழுவதும் ரயில் ஓட்டினேன், யார்டு வேலியைத் தாண்டியதில்லை. என் மனைவி இதை இன்றைக்கும் விடுவதில்லை. "ரயில் ஓட்டுறவருக்கு வாக்கப்பட்டேன்னுதான் பேரு, அடுத்த ஸ்டேஷன் எப்படி இருக்கும்னு கூட எனக்குத் தெரியாது" என்பாள், அதுவும் விருந்தாளி வந்திருக்கும் நேரம் பார்த்து.

டீசல் வந்தது. தும்மல்காரி வேண்டாத பொருளானது. கொஞ்ச காலத்தில் நானும் ஆனேன். பெரிய இன்ஜின்களுக்குத் தூரத்தில் கூரை போட்ட காட்சிக்கூடம் கிடைத்தது. தும்மல்காரியை அங்கே சேர்க்கவில்லை. அதற்குச் சொல்லிக்கொள்ளும்படியான பயணம் எதுவும் இல்லையாம். உருவத்தில் சின்னது, பூங்காவில் அடங்கும் என்று நகராட்சி வாங்கிக்கொண்டது. ஒரு துண்டுத் தண்டவாளம் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ஆப்புக்கட்டை வைத்து, அதன் மேல் நிறுத்தினார்கள். நான் சொந்த ஊருக்குப் போகவில்லை. பூங்காவுக்கு எதிர் வீட்டை வாடகைக்கு எடுத்தேன். "காத்தோட்டமா இருக்கும்" என்று மனைவியிடம் சொன்னேன். குடிவந்த அன்றே அவள் சன்னலைத் திறந்தாள், எதிரே தும்மல்காரி நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்து, "இதான் உங்க காத்தோட்டமா?" என்றாள். அதற்குப் பிறகு சில நாட்கள் வீட்டில் காற்றே இல்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். முதலில் நகராட்சி பெயின்டர். அந்த மனிதரிடம் உலகத்துக்கே ஒரே நிறம்தான், அலுமினியம். விளக்குக் கம்பம், பெஞ்சு, வேலி, குப்பைத் தொட்டி எல்லாவற்றுக்கும் அதே வாளி, அதே பிரஷ். காவலாளி ஒருநாள் ஈரமான பெஞ்சில் சாய்ந்து பாதி வெள்ளியாகி வீட்டுக்குப் போனார். அந்தப் பெயின்டர் தும்மல்காரியின் சக்கரத் தண்டுகளுக்கும், எண்ணெய் ஊற்றும் கிண்ணங்களுக்கும், கண்ணாடிக் குழாய்க்கும், ஒரு இடம் பாக்கி விடாமல் அலுமினியம் அடித்துவிட்டார். நான் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு போய்ச் சுரண்டினேன். அடுத்த மாதம் அவர் வந்து அடித்தார். நான் மறுபடியும் சுரண்டினேன். இருவரும் ஒரு நாளும் சண்டை போட்டுக்கொண்டதில்லை. எதிரெதிரே வந்தால் வணக்கம் கூடச் சொல்லிக்கொள்வோம். அவர் வேலையை அவர் செய்தார், என் வேலையை நான் செய்தேன், உப்புத்தாள்தான் தீர்ந்துகொண்டே இருந்தது.

சுரண்டினால் போதுமா? எண்ணெய் வேண்டாமா? எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. இன்ஜினைவிட்டு இறங்குகிற டிரைவர், அடுத்தவர் ஏறியதும் ஓட்டிக்கொண்டு போகிற நிலையில் அதை விட்டுவிட்டுப் போக வேண்டும். அதைச் செய்யாதவனை யார்டில் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். தும்மல்காரிக்கு அடுத்த டிரைவர் வரப்போவதில்லை என்பது எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியும். என் கைக்குத்தான் தெரியவில்லை. விடிந்ததும் எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போய்விடும். யார்டுப் பட்டறைக்காரர் ஒருவர் மிச்ச எண்ணெய் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரும் ஓய்வு பெற்று மகன் வீட்டுக்குப் போனதும் வீட்டுச் சமையல் எண்ணெயில் கை வைத்தேன். அதில்தான் ஆரம்பித்தது. எறும்பு வரிசை பூங்கா வாசலிலிருந்து புறப்பட்டது. தெருநாய்கள் வந்தன. "சார், உங்க இன்ஜின நாய் நக்குது சார்" என்று காவலாளி வீட்டுக்கே வந்து சொன்னார். "நக்கட்டும்யா, இரும்பு தேஞ்சிடாது" என்றேன். பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவிக்கு அப்போதுதான் சமையலறையில் எண்ணெய் எங்கே போகிறது என்று புரிந்தது. அவள் என்ன சொன்னாள் என்பதை ஒரு சம்பந்திக்கு எழுதுகிற கடிதத்தில் எழுத முடியாது.

பிறகு அந்தக் கல்யாணக் கோட்டு. புதிதாகக் கல்யாணமான ஜோடிகளைப் பூங்காவுக்கு அழைத்து வந்து படம் எடுப்பது இங்கே வழக்கம். ஒரு போட்டோகிராபர், மாப்பிள்ளையை வெள்ளைக் கோட்டோடு தும்மல்காரியின் சக்கரத் தண்டில் சாய்ந்து நிற்கச் சொல்லியிருக்கிறார். பையன் முதுகில் தண்டு அப்படியே கறுப்பாகப் பதிந்துவிட்டது. பையனைப் பெற்றவள், "இதுக்கு யார் பொறுப்பு?" என்று கத்தினாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "நான்தாம்மா, டிரைவர்" என்று முன்னால் போனேன். போனதோடு நின்றேனா? என் கையில் இருந்த துணியாலேயே கோட்டைத் துடைத்தும் விட்டேன். அந்தத் துணி எத்தனை நாள் எண்ணெய் குடித்த துணி என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நகராட்சிக்கு முதல் புகார் அன்றுதான் போனது.

இவை எல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. அடுத்து நடந்ததுதான் தும்மல்காரியைத் தங்கள் கை வரைக்கும் கொண்டு வந்தது. ஓர் இன்ஜின் ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் அத்தனை கனமும் அச்சின் ஒரே பக்கத்தில் உட்காரும், அந்தப் பக்கம் கெட்டுப்போகும். படுத்த படுக்கையாகக் கிடப்பவரை அவ்வப்போது புரட்டிப் படுக்க வைக்கிறோம் இல்லையா, அதேபோல அதையும் அவ்வப்போது கொஞ்சம் உருட்டி வைக்க வேண்டும். சக்கரத்துக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினால் போதும், ஒரு ஆள் அங்குலம் அங்குலமாக நகர்த்தலாம். யார்டில் எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். பின்னால் நின்று நெம்புகிறவனுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது, அதனால் கைகாட்ட ஒரு ஆள் வேண்டும். காலையில் நடக்க வருகிற கூட்டத்தில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் உண்டு. அவரைப் பிடித்தேன். "சார், நீங்க தண்டவாளத்தோட அந்த முனையில நில்லுங்க. கைய மேல தூக்கி வீசினா வான்னு அர்த்தம். குறுக்கே நீட்டினா நில்லுன்னு அர்த்தம்" என்றேன். "இதுல என்ன சார் இருக்கு, நான் பாத்துக்கறேன்" என்றார். பொறுப்பான மனிதர். போய் நின்றார்.

ஆப்புக்கட்டைகளை எடுத்தேன், கடப்பாரையைக் கொடுத்து நெம்பினேன். அத்தனை நாள் எண்ணெய் குடித்த சக்கரம், வெண்ணெயில் வைத்தது போல நகர்ந்தது. தலையை நீட்டிப் பார்த்தேன். வாத்தியார் கையை மேலே தூக்கி வீசினார். சரி, வா என்கிறார் என்று மறுபடியும் நெம்பினேன். இன்னும் வேகமாக வீசினார். இரண்டு கையாலும் வீசினார். இவ்வளவு தூரம் போதுமே என்று மனதுக்குள் தோன்றியது. ஆனால் ஷன்டிங் டிரைவர் யோசிக்கக் கூடாது, சம்பந்தி. கை என்ன சொல்கிறதோ அதைச் செய்ய வேண்டும். யோசித்தவர்கள் பெட்டிகளைக் கவிழ்த்திருக்கிறார்கள். நான் நெம்பினேன். வாத்தியாருக்குத் தோள்பட்டையில் வலி இருந்ததும், டாக்டர் அதற்குக் கைப்பயிற்சி சொல்லியிருந்ததும், நின்ற இடத்தில் சும்மா நிற்கப் பிடிக்காமல் அவர் அதைச் செய்ய ஆரம்பித்திருந்ததும் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

தண்டவாளம் போட்ட கொத்தனார் மழைத் தண்ணீர் வடியட்டும் என்று தரைக்கு வாட்டம் கொடுத்திருந்தார். தும்மல்காரி அந்த வாட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டது. கடப்பாரை என் கையில் இருக்க, அது தானாகக் கிளம்பியது. வயதானவர் ஒருவர் நடந்து போகிற வேகம்தான். நானும் ஒரு வயதானவன்தான், கூடவே ஓடி ஏறிவிட்டேன். ஏறியதும் கை பிரேக்கைப் பிடித்துத் திருகினேன். திரும்பவில்லை. பெயின்டர் அதன் மரை முழுவதும் அலுமினியம் அடித்து, அது காய்ந்து, கல்லாகிக் கிடந்தது. ஓடுவதற்கு வேண்டியதையெல்லாம் ஒன்றுவிடாமல் சுரண்டி எண்ணெய் போட்டவன், நிற்பதற்கு வேண்டியதை ஒரு நாளும் தொட்டுப் பார்க்கவில்லை. இன்றைக்கும் சோற்றில் கை வைக்கும்போது அந்த பிரேக்கின் நினைவு வருகிறது.

வாத்தியார் பயிற்சியை நிறுத்திவிட்டு ஒதுங்கினார். தும்மல்காரி தண்டவாளத்தைவிட்டு இறங்கிப் புல்வெளியில் போய், புது நீரூற்றுக்கு முன்னால் நட்டிருந்த திறப்புவிழாக் கல்வெட்டின் மேல் சாய்ந்து நின்றது. கல்வெட்டு உடைந்தது. நகராட்சித் தலைவரின் பெயர் ஒரு பக்கம், அவர் பதவி ஒரு பக்கம். யாருக்கும் ஒரு கீறல் கூட இல்லை, அந்த மட்டில் நிம்மதி. என் வேலைக்காலம் முழுவதும் நான் ஒரு பெட்டியைக் கூடத் தடம் புரட்டியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு, நெருப்பே இல்லாத இன்ஜினைத் தடம் புரட்டினேன். தலைவர் வந்து பார்த்துவிட்டு, "என் பேரு மேலேயே ஏத்திட்டீங்களேய்யா! யாரு ஓட்டுனது?" என்று கேட்டார். "நான்தாங்க ஐயா" என்றேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன் சம்பந்தி, அப்படிச் சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக் கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்குத்தான் இன்று அழுதுகொண்டிருக்கிறேன். பொதுமக்களுக்கு ஆபத்து, அதனால் ஏலம் என்று அடுத்த கூட்டத்திலேயே முடிவு செய்துவிட்டார்கள். என்னைப் பூங்காவுக்குள் விடக்கூடாது என்று காவலாளிக்கு உத்தரவு. இப்போது விடிந்ததும் எண்ணெய்க் குப்பியோடு போய், வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறேன். "உள்ளே விட்டா என் வேலை போயிடும் சார்" என்று அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்கிறார்.

இதெல்லாம் முடிந்த வேளையில்தான் மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பார்க்க வந்தோம். ஏலம் எடுத்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. சாப்பிட உட்கார்ந்தோம். தாங்கள் மிகவும் மரியாதையாக, "சம்பந்தி, அந்த இன்ஜின்ல செம்பு எங்கெங்க இருக்கு? உங்களைவிட்டா யாருக்குத் தெரியும்?" என்று கேட்டீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் சொந்தப் பெண்டாட்டி கூட ஒரு நாளும் கேட்டதில்லை. தட்டில் இருந்த சோற்றையே கூட்டிவைத்துத் தும்மல்காரியைச் செய்தேன். "இதோ, இது நெருப்புப் பெட்டி, சுவரெல்லாம் கனமான செம்பு. இந்த வரிசையா போறது குழாய். இங்க பித்தளை. இந்த மாதிரிச் செம்பு இப்ப கண்ணால பாக்க முடியாது சம்பந்தி" என்று விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். ஒரு திருகாணியைக் கூட விடவில்லை. எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான், "எதுக்குக் கேக்கறீங்க?" என்று கேட்டேன். "ஏலத்துல நான்தான் எடுத்திருக்கேன்" என்றீர்கள்.

அப்போது நான் சொன்னதை இங்கே எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன், எதற்காக மன்னிப்புக் கேட்கிறேன் என்பது தெளிவாக இருக்க வேண்டும் அல்லவா. "உங்க எடைமேடையில ஏத்தாதது எதுதான் இருக்கு? என் பொண்ணையும் ஏத்திப் பாத்துட்டுத்தான் எடுத்தீங்களா?" என்றேன். என் மகள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். என் டம்ளர் காலியாக இருந்தது, தாங்கள் அதில் தண்ணீர் ஊற்றினீர்கள். பெண்ணைக் கொடுத்தவன் பேசுகிற பேச்சா அது? அந்தத் தண்ணீரையாவது குடித்துவிட்டு வாயைக் கட்டியிருக்கலாம். சோறு ஒட்டிய கையோடு எழுந்து தெருவுக்கு வந்துவிட்டேன். என் மனைவி பிறகு பஸ் பிடித்துத் தனியாக வந்து சேர்ந்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு காலில் என் செருப்பு, ஒரு காலில் மாப்பிள்ளையின் செருப்பு. மாப்பிள்ளை ஆபீசுக்கு எதைப் போட்டுக்கொண்டு போகிறாரோ தெரியவில்லை. அந்த விசாரிப்பையும் என் சார்பில் அவரிடம் சொல்லவும்.

யார்டு வேலியைத் தாண்டாதவன், இந்த ஓய்வுக் காலத்தில் பஸ் ஏறிப் போய் மற்ற இன்ஜின்களையும் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்று ஏதோ ஓர் அலுவலகத்து வாசலில் நிற்கிறது. புகைபோக்கியில் செடி வைத்திருக்கிறார்கள். ஒன்று சாப்பாட்டுக் கடையில். டிரைவர் நிற்கிற இடத்தில் மேசை போட்டுக் குடும்பத்தோடு சாப்பிடுகிறார்கள். ஒன்று பள்ளிக்கூடத்தில்; பிள்ளைகள் அதன் வயிறு முழுவதும் வாத்தியார்களைப் பற்றிச் சாக்பீசில் எழுதியிருக்கிறார்கள். ஒன்றுக்கும் எண்ணெய் போட ஆளில்லை. எல்லாம் துருவேறி, இறுகி, இழுத்தாலும் வராத நிலைமை. ஆனால் எல்லாம் நிற்கின்றன, சம்பந்தி. அதுதான் என்னைத் தின்கிறது. யாருமே கவனிக்காத இன்ஜின்கள் எல்லாம் நிற்கின்றன. நான் ஒருவன் தினமும் போய்க் கவனித்த இன்ஜின்தான் ஏலத்துக்கு வந்தது. அதன் பாட்டுக்கு விட்டிருந்தால், உடம்பெல்லாம் அலுமினியத்தோடு, பார்க்கச் சகிக்காமல், ஆனால் முழுசாக நின்றுகொண்டிருக்கும். நான் வைத்த பிரியம்தான் அதற்கு வினையாக முடிந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை, தங்களிடம்தான் சொல்கிறேன்.

தாங்கள் வியாபாரி, தங்களுக்கு நஷ்டம் வரக்கூடாது. தும்மல்காரிக்குப் பதிலாக எங்கள் வீட்டில் உள்ள இரும்பு முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம். என் கட்டில் இரும்பு. இரண்டு நாற்காலியின் கால் இரும்பு. பழைய தையல் மெஷின் ஒன்று ஓடாமல் கிடக்கிறது, நல்ல கனம். பீரோவும் இருக்கிறது, பீரோ விஷயம் என் மனைவிக்குத் தெரியாது, லாரி அனுப்பும்போது அவள் கடைக்குப் போகிற நேரமாகப் பார்த்து அனுப்பவும். மொத்தமாகப் போட்டாலும் தும்மல்காரியின் ஒரு சக்கரத்துக்குக் காணாது என்று எனக்கே தெரியும். வேறு என்ன கொடுப்பது என்று தெரியாமல்தான் எழுதுகிறேன். தாங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நகராட்சி மறுபடியும் கூட்டம் போடும், ஒத்திவைக்கும், தலைவர் மாறுவார், கல்வெட்டும் புதிதாக வரும், கோபம் ஆறிவிடும். இழுத்தடித்தே அது பிழைத்துவிடும். தங்கள் ஒரு வார்த்தையில் இருக்கிறது. பெண்ணைக் கொடுத்த நாளில் கூடத் தங்களிடம் எதையும் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கங்கள். அன்று அவர்கள் பரிமாறியதில் ஒரு குறையும் இல்லை, குறை என்னிடம்தான். மாப்பிள்ளைக்கு நோய் நொடி இல்லாத நீண்ட ஆயுள் உண்டாகட்டும். என் மகளுக்கு ஆசீர்வாதம் சொல்லவும்; வாங்கிக்கொள்ளவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம், வீட்டில் ஒரு பக்கம் இருக்கட்டும், பிறகு எடுத்துக்கொள்வாள்.

தங்கள் பதிலை எதிர்நோக்கி, தலை குனிந்து,
தங்கள் சம்பந்தி,
ஷன்டிங் டிரைவர் (ஓய்வு)

பின்குறிப்பு: மேலே எழுதியவற்றில் ஒன்றையும் பொருட்படுத்த வேண்டாம். உறையில் போட்டு ஒட்டப் போகும்போது போன் வந்தது. என் மகள். "அப்பா, பார்க்குக்கு லாரி வந்துடுச்சா?" என்றாள். அவள் குரலைக் கேட்ட சந்தோஷத்தில், "யாரு லாரி, உங்க மாமாவோடதா?" என்றேன்.

"மாமா எங்கப்பா அனுப்புவாரு? நீங்க எந்திரிச்சுப் போன மறுநாளே நகராட்சிக்குப் போய், எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டாரு. சம்பந்தி மனசு நோக எனக்கு ஒரு வியாபாரமும் வேண்டாம்னுட்டாரு. அடுத்து கேட்டிருந்த ஆளுக்குக் கொடுத்துட்டாங்க. அவன் இன்னைக்கு அங்கேயே வெச்சு வெட்டப் போறானாம். மாமாவுக்கே இப்பத்தான் தெரிஞ்சுது, உங்ககிட்டச் சொல்லச் சொன்னாரு. நீங்க அம்மாவக் கூட்டிக்கிட்டு எங்கேயாவது போயிட்டு வாங்கப்பா."

அவளே மேலும் சொன்னாள். "மாமா அத வெட்டறதுக்கு எடுக்கலப்பா. 'உங்க அப்பா காலம் வரைக்கும் நம்ம கிடங்குல முழுசா நிக்கட்டும், அதுக்கப்புறம் பாத்துக்கலாம்'னு சொன்னாரு. செம்பு எங்க இருக்குன்னு கேட்டது கூட, ராத்திரியில எவனாவது கழட்டிட்டுப் போயிடக் கூடாது, பூட்டு போடணும்னுதான்."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க எங்கப்பா சொல்ல விட்டீங்க?"

சம்பந்தி, என் காலம் வரைக்கும் என்று தாங்கள் கொடுத்ததைவிட நியாயமான தவணையை யாராலும் கொடுத்திருக்க முடியாது. ஆகவே மேலே விட்டுக்கொடுங்கள் என்று எழுதிய இடத்திலெல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று திருத்திப் படிக்கவும். அந்த ஆளோடு உடனே பேசிப் பாருங்கள். முழுசாகக் கிடைக்காவிட்டால் துண்டுகளையாவது வாங்கிவிடுங்கள். முகம் தெரியாதவன் கிடங்கில் கிடப்பதைவிட நம் வீட்டு ஆள் கிடங்கில் கிடக்கட்டும். எடைமேடையில் தாராளமாக ஏற்றுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

இதை எழுதும்போதே பூங்காப் பக்கம் சத்தம் கிளம்பிவிட்டது. கேஸ் வைத்து வெட்டுகிற சத்தம் தங்களுக்குப் பழகியது, எங்களுக்குப் புதிது. நான் சன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். என் மனைவி சமையலறையிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தாள். இத்தனை காலத்தில் அந்த இன்ஜினைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவள், "என்னங்க, உங்க தும்மல்காரி ஆவி விடற மாதிரியே கேக்குதுங்க! சம்பந்தி மனசு மாறி யாரையாவது சரி பண்ண அனுப்பியிருக்காரா?" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. எனக்காகச் சந்தோஷப்படுகிறாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், சம்பந்தி. அவள் இப்போது சன்னலைத் திறக்கப் போகிறாள்.